வீட்டு முற்றத்தில் பிறேக் வேலை

மோட்டார் வண்டியின் பெருமையைப் பேசுவோர் அது ஓடும் வேகத்தைப் பேசுவரேயன்றி, அது நிற்கும் விதத்தைப் பேசுவது அரிது. வண்டி வாங்கப் போனால் பொனற்றைத் திறந்து இயந்திரத்தைப் பார்ப்போம், நிறத்தைப் பார்ப்போம், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று விசாரிப்போம். பிறேக்கைப் பற்றி விசாரிப்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். ஆயினும், மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவைச் சரிவில் இறங்கும்பொழுது நம் உயிரைத் தாங்கி நிற்பது இயந்திரமன்று. முன் சில்லுகளுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும், உள்ளங்கை அளவேயான நான்கு சிறு கட்டைகளே அப்பொழுது நம்மைக் காப்பவை.

கடைக்காரர் இவற்றைப் ‘பிறேக் பாட்’ என்பர். துவிச்சக்கர வண்டியின் றிம்மைப் பிடிக்கும் இறப்பர்த் துண்டை நாம் பிறேக் கட்டை என்று வழங்கி வருகின்றோம். இரண்டுக்கும் தொழில் ஒன்றே. ஆதலால் இக்கட்டுரையிலும் கட்டை என்றே கூறுவோம். கார் செய்த கம்பனியின் பெட்டியில் வராத, வேறு நிறுவனத்தார் செய்து விற்கும் கட்டைகளை வாங்கி வந்து, வீட்டு முற்றத்திலேயே தம் கையால் மாற்றிக்கொள்வோர் இந்நாளில் பலர். இது தகுமா, தகாதா என்று நம்மிடம் கேட்போரும் உளர். தகும் என்பதே நமது விடை. ஆனால் எவருக்குத் தகும், எந்தக் கட்டைக்குத் தகும் என்பதைச் சற்று விரித்தே கூறவேண்டும்.

இந்த வழக்கம் பெருகியதற்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்நாட்டிற்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்தாண்டு காலமும் உள்ள வண்டியையே பழுது பார்த்து ஓட்டவேண்டியதாயிற்று. போதாததற்கு, 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் இரண்டொரு மாதத்துள் 360 ரூபாவைத் தொட்டது. உதிரிப் பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர் பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஒன்றுக்கு மூன்று விலை கேட்டு, நடு விலைக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியதில் வியப்பில்லை. யாழ்ப்பாணத்தார்க்கு இது புதிதுமன்று. போர்க்காலத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் உதிரிப் பாகமின்றியே ஓடவைத்த மக்கள் அவர்கள். ஆனால் அந்தப் பழைய வண்டிகளில் நான்கு சில்லுகளிலும் இருந்தவை உருளைப் பிறேக்குகள். இன்றைய சிறு கார்களில் முன் சில்லுகளுக்குத் தட்டுப் பிறேக்கே உண்டு. பழைய அனுபவம் முழுவதும் இங்கே செல்லாது.

பிறேக் கட்டைக்கு உறை போட்டவர் ஒரு குடும்பத் தலைவி என்பது நம் வாசகியர் பலர் அறியாத செய்தியாக இருக்கலாம். 1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஜேர்மனியில் பேர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சில்லு மோட்டார் வண்டியில், தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர் பிரயாணஞ் செய்தார். மோட்டார் வண்டியில் எவரும் அதுவரை அத்தனை தூரம் சென்றதில்லை. வழியில் இறக்கங்கள் வந்தன. மரத்தாலான பிறேக் கட்டைகள் தேய்ந்து வழுக்கத் தொடங்கின. அம்மையார் ஓர் ஊரில் வண்டியை நிறுத்திச் சப்பாத்துத் தைப்பவர் ஒருவரிடம் அக்கட்டைகளின் மேல் தோலை அறைவித்துக்கொண்டு பிரயாணத்தைத் தொடர்ந்தார். கட்டையை வேறு பொருளாலும், அதன் உரசும் முகத்தை வேறு பொருளாலும் செய்யும் வழக்கம் அந்தத் தோல் துண்டிலிருந்தே தொடங்குகின்றது எனலாம்.

தோலுக்குப் பின் பருத்தி நெய்த பட்டி வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலே ஹேர்பேட் ஃபுரூட் என்பவர் அஸ்பெஸ்ரஸ் நாரைப் புகுத்தினார். வெப்பத்தைத் தாங்குவதில் அதற்கு நிகரில்லை. ஆனால் அதன் தூள் நுரையீரலிற் படிந்து உயிரைக் குடிக்கும் என்பது பின்னரே உணரப்பட்டது. பிரித்தானியா 1999இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005இலும் அதனை விலக்கின. அமெரிக்கா பிறேக் கட்டைகளையும் உட்படுத்தி விலக்குக் கட்டளை பிறப்பித்தது 2024இல். தட்டுப் பிறேக்கோ 1902இலேயே இங்கிலாந்தில் லான்செஸ்ரர் என்பவரால் உரிமை பெறப்பட்டதாயினும், அரை நூற்றாண்டு உறங்கிக் கிடந்தது. 1953இல் பிரான்சில் லெ மான் பந்தயத்தை ஜாகுவார் கார் தட்டுப் பிறேக்கோடு வென்றது; 1955இல் சித்ரோயன் டி.எஸ். காரின் முன் சில்லுகளில் அது பொதுமக்களிடம் வந்து சேர்ந்தது.

அதன் வேலை எளிது. சில்லோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு ஒன்று. அதன் இருபுறத்தும் ஒவ்வொரு கட்டை. கட்டைகளைத் தாங்கி நிற்கும், இடுக்கி போன்ற ‘கலிப்பர்’. நாம் பிறேக் மிதியை அழுத்தும்போது பிறேக் ஒயிலின் அமுக்கம் குழாய் வழியே சென்று, கலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகின்றது. பாடநூலில் முசலம் என்று மாணவர் படிப்பது இதனையே. பஸ்காலின் விதி பரீட்சைக்கு மாத்திரம் உரியதன்று. சிறு பரப்பில் நாம் காலாற் கொடுக்கும் அழுத்தத்தைப் பெரும் பரப்பிற்குக் கொண்டுசென்று பெருவிசை ஆக்கித் தருவது அதுவே.

அவ்விசை தட்டை நெரிக்க, வண்டியின் வேகம் முழுவதும் வெப்பமாக மாறுகின்றது. எவ்வளவு வெப்பம் என்று மாணவர் ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். 1000 கிலோகிராம் நிறையுள்ள கார், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒரு முறை நின்றால் 139,000 யூல் சக்தி வெப்பமாகும். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் ஏறக்குறைய அரை லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இரண்டு பேருக்குத் தேநீர். இது சமதரையில். இனி மலையை எடுத்துக்கொள்வோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கண்டிக்கு இறங்குவோர் 1000 மீற்றருக்கு மேல் கீழே வரவேண்டும். அந்த 1000 மீற்றரையும் பிறேக்கினாலேயே தடுத்து இறங்கினால், 33 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அந்தச் சிறு கட்டைகளிலும் தட்டுகளிலும் பிறக்கும். கலியாண வீட்டு அண்டா ஒன்றை மனக்கண்ணில் வைத்துப் பாருங்கள். இதனாலேயே அனுபவமுள்ள சாரதிகள் ஏறும்போது எந்தக் கியரில் ஏறினார்களோ, அந்தக் கியரிலேயே இறங்கி, இயந்திரத்தையே தடையாகக் கொள்வர்.

கட்டையின் தரம் வெளிப்படுவது இந்த வெப்பத்திலேதான். கட்டை என்பது ஒரே பொருளன்று. நார், உலோகத் தூள், காரீயகம், இவற்றையெல்லாம் பிணைத்து நிற்கும் பினோலிக் பிசின் ஆகியன சேர்ந்த கலவை. அது ஓர் இரும்புத் தகட்டின் மேல் அழுத்தி ஒட்டப்பட்டிருக்கும். அளவு மீறிச் சூடேறினால் பிசின் சிதைந்து வாயுவை விடும். அந்த வாயு கட்டைக்கும் தட்டுக்கும் இடையே படலமாக நிற்கும். மிதி கல்லைப்போல் இறுகியிருக்க, வண்டி மாத்திரம் நில்லாது. நல்ல கட்டைக்கும் தீய கட்டைக்கும் கடைத்தெருவிலே வேற்றுமை தெரியாது. சந்தியில் மெதுவாக நிறுத்திப் பார்த்தாலும் தெரியாது. எட்டாவது வளைவிலே தெரியும். அப்பொழுது தெரிந்து பயனில்லை.

வேறு நிறுவனத்தார் செய்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு கட்டையைத் தள்ளவேண்டியதில்லை. கார்க் கம்பனிகள் பெரும்பாலும் பிறேக் கட்டைகளைத் தாமே செய்வதில்லை. யப்பானில் அக்கெபோனோ, அட்விக்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்து கொடுப்பவற்றையே தம் பெட்டியிலிட்டு விற்கின்றன. அதே நிறுவனங்கள் தம் சொந்தப் பெட்டியிலும் விற்பதுண்டு. எனவே ‘ஒறிஜினலா, மற்றதா?’ என்று கடைக்காரர் கேட்கும் கேள்வி அரைகுறையானது. ‘செய்தவர் யார் என்று தெரியுமா, தெரியாதா?’ என்று நாம் திருப்பிக் கேட்கவேண்டும். சீனாவிற் செய்ததென்றால் முகஞ் சுளிப்போரும் உளர். அங்கே உலகத் தரத்திற் செய்வோரும் இருக்கின்றனர், பெட்டியை மாத்திரம் அழகாகச் செய்வோரும் இருக்கின்றனர்.

பெட்டியை நம்பாமல் கட்டையை வெளியே எடுத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் விற்கத் தகுந்த கட்டையின் இரும்பு முதுகில், வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் இலக்கமும் பொறித்திருக்கும். ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு வகுத்த 90ஆம் விதிக்கு அமைய அது சோதிக்கப்பட்டது என்பது அதன் பொருள். கார்க் கம்பனியின் சொந்தக் கட்டைக்கும் அதற்கும் தடுப்புத் திறனில் 15 சதவீதத்துக்கு மேல் வேற்றுமை இருத்தலாகாது என்பது அவ்விதி. அமெரிக்க முறையிற் செய்தவற்றின் ஓரத்தில் இரண்டு எழுத்துகள் காணப்படும். முதலெழுத்து சாதாரண வெப்பத்திலும், இரண்டாவது மிகுந்த சூட்டிலும் உள்ள உராய்வுக் குணகத்தைக் குறிப்பன. ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. ‘எஃப் எஃப்’ என்றிருந்தால் குளிரிலும் சூட்டிலும் ஒரே வகுப்பு என்று கொள்ளலாம். ‘எஃப் ஈ’ என்றிருந்தால் சூட்டில் பிடி தளரும். மலையேறுவோர்க்கு அது உதவாது. இவ்வெழுத்துகள் உராய்வை மாத்திரமே சொல்லும், கட்டை எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைச் சொல்லா. பெரிய எழுத்தே சிறந்தது என்று எண்ணி முன் சில்லுக்கு ‘ஜி’ வகுப்பைத் தேடுவதும் வேண்டாம். முன் பிடிக்கும் பின் பிடிக்கும் இடையே கார் செய்தவர் வகுத்த சமநிலை ஒன்றுண்டு. அதனைக் கெடுத்தல் நன்றன்று.

எழுத்து, இலக்கம், தொகுதிக் குறி எதுவுமே இல்லாத கட்டையை, எவ்வளவு மலிவானாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரும்புத் தகட்டுக்கும் கலவைக்கும் இடையே மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலும், ஓரத்தில் துரு கசிந்திருந்தாலும் அவ்வாறே. ஒட்டு விட்டுப் போனால் கலவை கழன்று விழும். பின்பு இரும்பை இரும்பு உரசும்.

இனி முற்றத்துக்கு வருவோம். முதலில் எந்த வண்டியை வீட்டிலே தொடலாகாது என்பதைக் கூறிவிடுகின்றோம். பின் சில்லிலும் தட்டுப் பிறேக் உள்ள கார்கள் சிலவற்றில் கைப் பிறேக் அந்தக் கலிப்பருக்குள்ளேயே அமைந்திருக்கும். அதன் பிஸ்டனைத் தள்ளினால் உடையும், திருகியே உள்ளே செலுத்தவேண்டும். பொத்தானை அழுத்தினால் இறுகும் மின்சாரக் கைப் பிறேக் உள்ளவற்றுக்கு அதற்குரிய கருவி வேண்டும். ரொயோட்டா பிறையஸ் போன்ற ஹைபிரிட் வண்டிகளிலோ, கதவைத் திறந்தாலும் பிறேக் அமைப்பு தானே விழித்து ஒயிலை அமுக்கக்கூடும். கலிப்பர் கழன்றிருக்கையில் அது நடந்தால் பிஸ்டன் வெளியே பாயும். விரல் அங்கிருந்தால் விரலுக்கும் ஆபத்து. இவற்றைப் பயிற்சி பெற்றவரிடமே விடுக. நாம் சொல்லப்போவது, முன் சில்லில் தட்டும் பின் சில்லில் உருளையும் உள்ள, ஆல்ட்டோ போன்ற எளிய சிறு காரின் முன் கட்டைகளைப் பற்றியே.

சமதரையில் வண்டியை நிறுத்திக் கைப் பிறேக்கை இழுத்து, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கவேண்டும். சில்லு தரையில் இருக்கும்போதே சுரைகளைச் சிறிது தளர்த்திக்கொள்க. பின்னரே ஜக்கினால் உயர்த்துக. நம் ஊர் மணல் முற்றங்களில் ஜக்கு மெல்ல மெல்லப் புதையும், அல்லது சரியும். தடித்த பலகை ஒன்றை அடியில் இடுதல் அவசியம். ஜக்கு தூக்குவதற்கேயன்றித் தாங்குவதற்கன்று. வண்டியின் பாரத்தை இரும்புத் தாங்கியில் இறக்கிய பின்பே கையை உள்ளே நீட்டவேண்டும். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் தாங்கியாகா; அவை முன்னறிவிப்பின்றிப் பிளக்கும். தாங்கி வாங்கப் பணமில்லை என்பவர் கட்டையை மாற்றக் கராச்சுக்கே கொடுத்துவிடுவது நல்லது. பிள்ளைகள் பார்க்க வருவார்கள், வரட்டும். இரண்டு பாகம் தள்ளி நின்று பார்க்கட்டும்.

சில்லைக் கழற்றியதும் தெரிவது தூள். அதனை வாயால் ஊதலாகாது, காற்றுப் பம்பினாலும் ஊதலாகாது. பழைய கட்டையைச் செய்தவர் யார் என்று தெரியாதபோது அத்தூளில் அஸ்பெஸ்ரஸ் இல்லை என்று எவர் சொல்ல முடியும்? முகக்கவசம் அணிந்து, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பையிற் கட்டி எறிக.

கலிப்பரின் கீழாணியைக் கழற்றினால் அது மேலாணியைச் சுற்றிக் கதவுபோல் மேலே திறக்கும். முழுவதையும் கழற்ற நேர்ந்தால் கம்பியினாற் கட்டித் தொங்கவிடுக. இறப்பர்க் குழாயிலே தொங்கவிடுவோர் பலர். குழாயின் உட்புறம் நைந்தால் வெளியே தெரியாது. கட்டைகளை வெளியே எடுத்ததும் எறிந்துவிடாதீர்கள். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் அவற்றைப் பார்க்கவேண்டும். நம் கருத்தில் இந்த வேலை முழுவதிலும் மிக முக்கியமான கால் மணி நேரம் இதுவே. அவசரத்தில் இருக்கும் கராச்சில் இது பலவேளை கிடைப்பதில்லை. வீட்டில் செய்பவருக்கு உள்ள ஒரே பெரிய அனுகூலமும் இதுவே.

புதிய கட்டையின் கலவை ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கும். 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றவேண்டும். பழைய உட்கட்டையும் வெளிக்கட்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் தேய்ந்திருந்தால் நன்று. உட்கட்டை மாத்திரம் காகிதம்போல் தேய்ந்து, வெளிக்கட்டை புதிதுபோல் இருந்தால், கலிப்பர் முன்னும் பின்னும் நகர வேண்டிய ‘சிலைட் பின்’ என்னும் ஆணிகள் இறுகிவிட்டன, அல்லது பிஸ்டன் திரும்பாமல் சிக்குகின்றது என்று அறிக. ஒரு கட்டையே ஒரு நுனியில் தடித்தும் மறு நுனியில் மெலிந்தும் இருந்தால் அது தன் இருக்கையிற் சிக்கிக்கொண்டு சரிந்து நின்றது என்பது கருத்து. வலச் சில்லின் கட்டைகளையும் இடச் சில்லின் கட்டைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுக. ஒருபுறம் தேய்ந்து மறுபுறம் தேயாதிருந்தால், அவசரத்தில் பிறேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்திருக்கும். இவற்றைத் தீர்க்காமல் புதிய கட்டையைப் போடுவது, கூரை ஒழுக்கை அடைக்காமல் சுவருக்கு வெள்ளையடிப்பது போலாகும். சில மாதத்தில் புதிய கட்டையும் பழையதைப் போலவே தேய்ந்து நிற்கும். பழி கடைக்காரர் மேல் விழும்.

தட்டையும் பார்க்க. அது எவ்வளவு மெலியலாம் என்ற கடைசி அளவு பெரும்பாலும் தட்டிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தாலும், விரல் நகம் மாட்டும்படி ஆழ்ந்த வரி விழுந்திருந்தாலும், வெடிப்பு இருந்தாலும், அன்றைய வேலையை நிறுத்திவிட்டுத் தட்டுக்கு வழி பார்க்கவேண்டும்.

ஆணிகளை உருவித் துடைத்து, அவற்றுக்கு உரிய சிலிக்கோன் கிறீஸை மெல்லிதாகப் பூசுக. சமையலறை எண்ணெயோ இயந்திர ஒயிலோ சாதாரணக் கிறீஸோ பூசலாகாது. மசகெண்ணெய் பட்டால் பிறேக்கின் இறப்பர் உறைகள் ஊதிப் பெருத்து ஆணியை இன்னும் இறுக்கும். கிறீஸ் கட்டையின் முகத்திலோ தட்டிலோ ஒரு துளியும் படலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அடுத்தது பிஸ்டனைப் பின்னே தள்ளுவது. புதிய கட்டை தடித்தது. அதற்கு இடம் வேண்டும். பொனற்றைத் திறந்து, பிறேக் ஒயில் கிண்ணத்தின் மூடியைத் தளர்த்துக. பழைய கட்டையைப் பிஸ்டன்மேல் வைத்து, தச்சர் பயன்படுத்தும் ‘ஜி கிளாம்ப்’ கொண்டு மெல்ல மெல்ல அழுத்துக. ஒயில் கிண்ணத்தில் மட்டம் உயரும். இடையில் யாரேனும் நிரப்பியிருந்தால் வழியும். அது பூச்சைத் தின்னும் திரவம். வழிந்த இடத்தை உடனே தண்ணீரால் கழுவுக. அந்த ஒயில் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால் அதனையும் மாற்றுவிக்கும் காலம் வந்துவிட்டது என்று கொள்க. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் இயல்புடையது. ‘டொட் 3’ வகை புதிதாயிருக்கையில் 205 பாகையிலே கொதிக்கும். ஈரம் ஏறினால் அந்த அளவு 140 பாகைக்கு இறங்கலாம். முன் சொன்ன அண்டாத் தண்ணீரை நினைவு கூர்ந்தால், மலை இறக்கத்தில் இதன் விளைவு யாதென்பது விளங்கும். ஒயில் கொதித்தால் குழாயில் குமிழி நிற்கும், குமிழி அமுங்கும், மிதி தரையைத் தொடும்.

புதிய கட்டையோடு வரும் மெல்லிய தகடுகளையும் கவ்விகளையும் தேவையற்றவை என்று எறியாதீர்கள்; அவை கட்டை நடுங்கிக் கீச்சிடாமல் காப்பன. தேய்வை அறிவிக்கும் சிறு நாக்கு எந்தக் கட்டையில், எந்தப் புறம் இருந்ததோ அவ்வாறே வைக்கவேண்டும். கலவை முகம் தட்டை நோக்கியிருக்க வேண்டும் என்று எழுதுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆனால் இரும்பு முகத்தைத் தட்டுக்குக் காட்டிப் பூட்டியவர்களும் உலகில் உண்டு. கலிப்பர் ஆணியைக் கார் நூலிற் சொன்ன அளவுக்கு இறுக்குக. சில்லுச் சுரைகளுக்கு, ரொயோட்டாவின் சிறு கார்கள் பலவற்றில், 103 நியூட்டன் மீற்றர். அதாவது 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள சாவியின் நுனியில் ஏறக்குறைய 42 கிலோகிராம் பாரம். ‘டோர்க் ரென்ச்’ என்னும் அளவுச் சாவி இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. சாவியின்மேல் ஏறி நின்று மிதிப்பது வலிமையின் அடையாளமன்று. ஆணியின் மரை நீண்டு கெடும். ஒரு பக்கத்தை மாத்திரம் மாற்றி மறு பக்கத்தை அடுத்த மாதச் சம்பளத்துக்கு விடுவதும் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றவேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று கையைக் கழுவும் நேரமே மிக ஆபத்தான நேரம். பிஸ்டன்கள் இரண்டும் பின்னே தள்ளப்பட்டுக் கிடக்கின்றன. அவை மீண்டும் வந்து கட்டையைத் தொடும்வரை வண்டிக்குப் பிறேக்கே இல்லை. முதல் மிதிக்கு மிதி அப்படியே தரைக்குப் போகும். ஆதலால் இயந்திரத்தை இயக்குவதற்கு முன்னரே, மிதியை மெதுவாகப் பலமுறை, அது இறுகும்வரை, அழுத்தவேண்டும். நம் அயலில் ஆசிரியர் ஒருவர், நல்ல கைத்திறன் உள்ளவர், காலை முழுவதும் இருந்து வேலையைப் பிழையின்றி முடித்தார். இதை மாத்திரம் செய்யாமல் வண்டியைப் பின்னே எடுத்தார். ஒழுங்கையின் எதிர்மதில் நான்கு முழத்துக்கு விழுந்தது. நல்லவேளையாக அப்போது ஒழுங்கையில் எவரும் இல்லை. விறாந்தையில் இருந்த அவருடைய தாயார், “பழைய பிறேக் ஒருநாளும் மதிலை இடிக்கேல்லையே, தம்பி!” என்றாராம். மதில் கட்டிய கூலி, கராச்சுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணத்தின் பல மடங்கு.

மிதி இறுகியதும் ஒயில் மட்டத்தைப் பார்த்து, மூடியை இறுக்கி, முற்றத்துக்குள்ளேயே நடை வேகத்தில் இரண்டு முறை நிறுத்திப் பார்க்க. அதன் பிறகு புதிய கட்டைக்கும் பழைய தட்டுக்கும் பழக்கம் உண்டாக்கவேண்டும். வாகனங்கள் இல்லாத வெறுந்தெருவில், மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 10 கிலோமீற்றர் வரை நிதானமாக வேகத்தைக் குறைப்பதும், மீண்டும் ஓடிக் காற்றில் ஆறவிடுவதுமாக ஒரு பத்து முறை செய்க. புதிய பிசினில் எஞ்சிய வாயு இதில் வெளியேறும். கட்டையின் கலவை தட்டில் மெல்லிய படலமாகச் சீராகப் படியும். சிறிது மணம் வரும், அஞ்சவேண்டாம். சூடாக இருக்கும்போது முற்றாக நிறுத்திப் பிறேக்கை மிதித்தபடியே நிற்கலாகாது. கட்டை நின்ற இடத்தில் மாத்திரம் படலம் தடித்து, பின்பு பிடிக்குந்தோறும் மிதி நடுங்கும். இதையெல்லாம் தனியே செய்யவேண்டும். குடும்பத்தை ஏற்றுவதும், மலைநாட்டுப் பிரயாணமும் ஓரிரு கிழமை கழித்து ஆகட்டும்.

வீடு திரும்பியதும் சில்லுகளின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்க்க, தொடவேண்டாம், சுடும். இரண்டு பக்கமும் ஒத்த வெப்பம் இருந்தால் நன்று. ஒன்று அனலாகவும் ஒன்று குளிர்ந்தும் இருந்தால் ஓர் ஆணியோ பிஸ்டனோ இன்னும் சிக்குகின்றது. மறுநாள் மறுபடியும் கழற்றவேண்டியதுதான். 100 கிலோமீற்றர் ஓடியபின் சுரைகளை மீண்டும் ஒரு முறை அளவுச் சாவியால் சரிபார்க்க. மாற்றிய தேதியையும், அன்று வண்டி ஓடியிருந்த கிலோமீற்றரையும், கட்டையின் ஓரத்து எழுத்துகளையும் ஒரு கொப்பியில் குறித்து வைக்க. அடுத்த முறை கடைக்காரர் மூன்று விலை சொல்லும்போது அந்தக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.